லோசாவுக்குக் கிடைத்த மனிதர்

நுக்குஅலோஃபா

அன்பு மகளே,

அப்பாவின் நாற்காலியில் லோசாவை உட்கார வைக்கலாமா என்று ஆக்லாந்திலிருந்து கேட்டிருக்கிறாய். நான் கையெழுத்துப் போடாமல் கம்பெனியில் அது நடக்காதாமே.

அப்பாவின் அடக்கத்தன்று அவளும் என்னைப் போலவே, நெருங்கிய உறவு துக்கத்துக்குக் கட்டும் பெரிய கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அத்தை என்னிடம், "ஆபீஸ்காரிக்கு எதுக்குடி பெண்டாட்டி கட்டுற அளவு பாய்?" என்று கேட்டாள்.

லோசா அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னாள்: "எதச் செய்யறதுக்கு முன்னாடியும் முதலாளி எங்கள உட்கார வச்சு, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேப்பாரு. நாங்க தப்புப் பண்ணாலும் தன் தப்புன்னு சொல்லிடுவாரு."

நான் கட்டிக்கொண்டது ஒரே ஒரு ரொட்டி அடுப்பை வைத்துக்கொண்டு எல்லோரையும் அதட்டிய ஆளை. கடை இரண்டானதும் அதட்டலை விட்டார். லாரிகள் வந்தபோது நிதானம் பழகினார். கப்பல் சரக்கில் இறங்கிய பிறகு அடுத்தவர் பேச்சைக் கேட்கவும் கற்றுக்கொண்டார். எல்லாம் வாசலுக்கு வெளியேதான். வீட்டுக்குள் கடைசிவரை, "ஏய், டீ எங்க?"

அவருக்கும் லோசாவுக்கும் நடுவே தப்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால்கூட இப்படி எரியாது.

தொழில் அவளுக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஞாயிறுதோறும் சர்ச் விட்டதும் அவள் இங்கே சாப்பிட வரவேண்டும். மண்ணடுப்பில் கிழங்கும் கறியும் வைத்திருப்பேன். அந்த மனிதரைப் பற்றி ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்லட்டும். அவரை எனக்குத் தெரியாது.

உன் அம்மா