பன்றியும் எம்.பி.யும்

தை 4, செவ்வாய்

பனி. ராத்திரி பன்றிகள் வந்து மேலக் கொல்லையில் பாதி வாழைக்கன்றைப் பெயர்த்துப் போட்டுவிட்டன. துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. ஓடின. மிச்சம் பிழைத்தது.

டில்லியில் புதுச் சட்டம் வரப்போகிறதாம். பயிர்க்காவல் துப்பாக்கியெல்லாம் இனி போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் மனு எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மனு பாஸாகிறவரை பன்றியை உட்காரச் சொல்ல வேண்டும்போல.

மரகதத்துக்குச் சட்டம் பிடித்திருக்கிறது. அந்தச் சனியன் வீட்டில் இல்லாவிட்டால் நிம்மதியாகத் தூங்குவாளாம். இந்த வருஷமும் வாழை போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான். பெண்டாட்டியிடம் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை.

சோப்பு, கொசுவத்தி வாங்க வேண்டும்.

தை 7, வெள்ளி

ரெங்கசாமி அண்ணனோடு முசிறியிலிருந்து திருச்சிக்கு பஸ். அண்ணன் பக்கத்துக் கொல்லைக்காரர். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அவரிடமும் ஒரு துப்பாக்கி. எம்.பி.யை வீட்டிலேயே பிடித்தோம். ஓட்டுக் கேட்க வந்தபோது, விவசாயிக்கு நான் காவல் என்றவர். சட்டத்தைப் பற்றி சபையில் விவாதம் நடந்த அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்த கேள்வி. குரலும் நன்றாக வந்தது.

எம்.பி. கோபப்படவில்லை. "அன்னிக்கு நான் டில்லியிலயே இல்லைங்க. உங்க பையன் காதுகுத்துக்குல்ல வந்திருந்தேன். வரலைன்னா மூஞ்சில முழிக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார்.

காபி வந்தது. குடித்தோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சட்டத்துக்கு ஓட்டெடுப்பு மாசி 11-ஆம் தேதியாம். கட்டாயம் போய்ப் பேசுகிறேன் என்றார். அண்ணன் முகம் செத்துவிட்டது. அன்றைக்குத்தான் அவர் மகள் கல்யாணம், சீரங்கத்தில். எம்.பி. தலைமையில் என்று பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது.

தை 15, சனி

பல்வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

அன்றைக்கு எம்.பி.யை டில்லிக்கு விட்டுவிடுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "பன்னி தெனம் வரும் தம்பி. எம்.பி. வருவாரா?" என்றார். சம்பந்தி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

மாசி 5, வெள்ளி

அண்ணனுக்குத் தெரியாமல் எம்.பி.க்கு டிரங்க் கால். கல்யாணத்துக்கு வந்தால் முசிறிப் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கிற ஒருத்தனும் ஓட்டுப் போடமாட்டான் என்றேன். மொத்தமே ஏழு பேர் என்பதைச் சொல்லவில்லை.

மாசி 11, வியாழன்

கல்யாணம். சாப்பாடு பிரமாதம். எம்.பி.க்குப் போட்ட சோபா கடைசிவரை காலி. சம்பந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மாசி 13, சனி

பேப்பரில் வந்துவிட்டது. முசிறிப் பன்றிகளைப் பற்றி எம்.பி. பேசினாராம், சபையில் சிரிப்பாம். சட்டத்தைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதைக்குத் துப்பாக்கி வீட்டிலேயே. கண் கலங்கிவிட்டது எனக்கு.

பேப்பரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். மறுவீட்டு விருந்து, கூடம் நிறைய ஜனம். அண்ணன் பேப்பரைத் தொடவே இல்லை. உங்கள் துப்பாக்கியும்தானே தப்பியது என்றேன்.

"அது கெடக்கு தம்பி. சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்றது? நம்ம வீட்டு விசேஷத்துக்கு வராதவனுக்கு இனிமே ஓட்டாவது ஒண்ணாவது."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நீ என்ன சொல்கிறாய் என்று என் பக்கம் திரும்பினார். வாயில் ஜாங்கிரி. தலையை ஆட்டிவைத்தேன்.