செர்ரி கலர்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். ரேஷன் கடை. அரிசி, பருப்பு. பாமாயில் இல்லையாம், பேஜார்.

தோல் கம்பெனியிலிருந்து பொங்கலோடு ரிட்டையர். இப்போது நகக்கண்ணில்கூடச் சாயம் இல்லை. சாந்தி கேலி: "இன்னாங்க இது, ஆபீசர் கை மாதிரி ஆயிடுச்சு." அப்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தும்போதே கையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், இன்றைக்கு பிரவுனா, கறுப்பா என்று. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். அந்த எரிச்சல்கூட இப்போது வேண்டும்போல இருக்கிறது.

5, செவ்வாய்
சிறுநீர் சிவப்பு. வலி இல்லை. சிரிப்புத்தான் வந்தது. தோலுக்குச் செர்ரி கலர் ஓட்டுகிற வாரம் சாய டிரம்காரர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் போகும். கம்பெனி பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காதர் கத்துவான்: "டேய் சேகர், உனக்கு இன்னாடா ஷேடு?"

"செர்ரிடா!"

"எனக்குக் கம்மிடா. இன்னொரு கை தூள் போடணும்!"

உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது போல. சந்தோஷமாக இருந்தது, என்ன சொல்ல.

டீக்கடையில் காதரைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆனவன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஊறிப்போச்சுடா உன் உடம்பு."

7, வியாழன்
சாயங்காலம் மழை. யூனியன் ஆபீஸில் பழைய சாயக்காரர்களுக்கு டாக்டர் கூட்டம். பிரியாணி உண்டு என்றதும் காதரும் வந்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு. சாயத்தை வெறுங்கையால் கலந்தீர்களா என்று கேட்டார். எல்லோருக்கும் சிரிப்பு. வேறு எப்படிக் கலப்பது?

அப்புறம் சொன்னார்: "சில சாயம் மூத்திரப்பையில புத்துநோய் கொண்டு வரும். வேலைய விட்டு ரொம்ப வருஷம் கழிச்சுகூட வரலாம். சிவப்பா போனா சாயம்னு விட்டுடாதீங்க. வேலைய விட்டப்புறம் சாயம் உடம்புல தங்காது. அது ரத்தம்."

பிரியாணி இறங்கவில்லை. காதரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிரியாணியை விடுகிற ஆளா அவன்? என்னை நினைத்துத்தான் போல.

8, வெள்ளி
சாந்தியிடம் சொல்லிவிட்டேன். திட்டினாள், அழுதாள். "திங்கக்கிழமை முதல் பஸ்லயே கிளம்புங்க." பயமாக இருக்கிறது. மறுபடி சிவப்பு.

11, திங்கள்
வேலூர், பெரிய ஆஸ்பத்திரி. துணைக்குக் காதர். சாந்தி வர வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். "நான் பாத்துக்கறேன் தங்கச்சி." பஸ் முழுக்கப் பழைய கதை. மேஸ்திரியின் வெள்ளை வேட்டி டிரம் தண்ணீரில் நீலமான கதை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சீட்டுப் போடும் இடத்தில் என் பெயர், வயது சொன்னேன். பின்னாலிருந்து காதர்: "எனக்கும் ஒண்ணு போடும்மா."

திரும்பிப் பார்த்தேன்.

"பக்ரீத்லேர்ந்து போவுதுடா. நானும் செர்ரின்னுதான் இருந்தேன்."