ஏரியில தக்காளி அடிச்ச ஸ்டிக்கு

ஹாக்கி இல்லீங்க, கோல்ஃபுன்னு சொன்னேன். பாலக்கோடு பஸ்ஸுல கண்டக்டர் நம்பவே இல்ல. "இந்த ஊருல கோல்ஃபா? யார் தலையிலயும் படாம புடிச்சுக்கோ"ன்னு போயிட்டாரு. ஸ்டிக்க மடியில வெச்சுகினேன். பிடியில நீ சுத்துன சைக்கிள் டியூபு வெயில்ல சூடாயி அதே நாத்தம் அடிச்சுது மச்சி. அதான் ஏரிக்கு வந்ததும் செல்லுல ஒனக்கு எழுதறேன்.

நான் காலேஜ வுட்டுட்டு வந்து ரூமுக்குள்ளயே கெடந்தேனே. தூக்கம் கெடையாது. எங்கம்மா சோத்த கதவுகிட்ட வெச்சுட்டுப் போவும். வந்தவங்கல்லாம் "ஏன் வுட்ட, ஏன் வுட்ட"ன்னே கேட்டாங்க. நீ மட்டும் கேக்கல. பெங்களூர் கோல்ஃப் கிரவுண்டுல பேக் தூக்கற வேலய வுட்டுட்டு வந்தப்ப, யாரோ வேணாம்னு போட்ட இந்த ஸ்டிக்க எடுத்தாந்திருந்த. "எந்திரிடா, நாறுது ஒன் ரூமு"ன்னு இழுத்துகினு போன.

வத்திப்போன ஏரி. "ஒனக்குப் பந்து கெடையாது, தொலச்சிருவ"ன்னு, வெல இல்லாம யாரோ கொட்டிட்டுப் போன தக்காளியில ஒண்ண எடுத்து வெச்ச. நானும் வெறியில ஒரே அடி! மூஞ்சி, சட்ட, காது, எல்லாம் தக்காளி. நீ கீழ வுழுந்து சிரிச்ச. நானும் சிரிச்சுட்டேன், எத்தன மாசம் கழிச்சு! வூட்டுல எங்கம்மா ரத்தம்னு கத்திடுச்சு. "ரசத்துக்கு ஆவும், புழிஞ்சுக்கங்கம்மா"ன்ன நீ.

அப்பறம் பந்து குடுத்த. அது எப்பவும் முள்ளுக்குள்ளதான் போவும். தலையில கைய வெச்சுகினு நிப்பேன். "ஏன் அங்க போச்சுன்னு அப்பறம் அழுவலாம், மொதல்ல நட"ன்னுவ. பந்து தேடற சாக்குலதான் எல்லாத்தையும் ஒங்கிட்ட கொட்டுனேன். மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதது தரையப் பாத்துகினே நடந்தா வந்துடுது. தருமபுரி ஆஸ்பத்திரிக்கும் நீதான் பைக்ல கூட்டினு போன. மாத்திரையும் சாப்ட்டேன், வெயில்லயும் நடந்தேன். தூக்கம் வந்துச்சு.

ஒன்ன லாரி அடிச்சு நீ போயிட்டதுக்கப்பறம் ஒன் தங்கச்சி அதே மாதிரி கதவ சாத்திகினா. காலேஜும் போவல. எனக்கு ஆறுதல்லாம் சொல்லத் தெரியாது. இன்னிக்கு ஒங்க வூட்டுக்குப் போயி ஸ்டிக்க கேட்டேன்.

"எதுக்கு?"ன்னா, உள்ள இருந்தே.

"தக்காளி அடிக்க."

அப்பறம் செருப்பு மாட்டற சத்தம் கேட்டுச்சு. பஸ்ஸுல ஜன்னலயே பாத்துகினு வந்தா. நானும் ஏன்னு கேக்கல. அது ஒங்கிட்ட கத்துகினதுடா.

இப்ப ஏரிக்குள்ள தக்காளி பொறுக்கறா. கெட்டியா பாத்து எடுன்னு சொன்னேன். ஒன் தங்கச்சிதான, இருக்கறதுலயே கொழகொழன்னு இருக்கறத எடுத்து வெச்சுட்டா.

"அண்ணா, அங்க என்னா நோண்டற? ஸ்டிக்க எடுத்துகினு வா. நீ கிட்ட வந்து நில்லு."

நான் வெள்ள சட்டடா. சரி, கூப்புடறா, போறேன்.