கீழ்த்தளத்திலும் அப்பா

டிசம்பர் 3
இன்று முதல் நடப்பதையெல்லாம் உள்ளபடியே எழுதப்போகிறேன். பயத்தில் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். பனிச்சரிவில் அப்பா ஐந்து மணி நேரம் புதைந்து கிடந்தார். கால் தசைகள் நசுங்கி, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் இயந்திரம்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பை காலி.

டிசம்பர் 5
டாக்டர் சொன்னது: காயம்பட்ட சிறுநீரகங்களை அப்பாவின் நோய் எதிர்ப்புப் படையே மேலும் தாக்குகிறது. அந்தப் படையிலேயே ‘போதும்’ என்று மற்றவற்றை அடக்கும் செல்கள் கொஞ்சம் உண்டு. அவற்றைப் பிரித்து, கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரம் பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். சோதனை முயற்சிதான். பலிக்காவிட்டால் ஆயுசுக்கும் இயந்திரம்.
“என் ஆளுங்களே என் வீட்ட உடைக்கிறாங்களாம்,” என்றார் அப்பா.
“உன் ரத்தம்தானே! ஊர்ல யார்கிட்டதான் நீ சண்டை போடல?” என்றாள் அம்மா.

டிசம்பர் 11
நண்பகல். இந்த வடகோடியில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிக்காது; வெளியே வழக்கமான இருட்டு. அப்பா திடுக்கிட்டு, “யாரு கதவத் திறந்தது? குளிருதே,” என்றார். நர்ஸ் மெத்தெ காற்றுக்காக ஜன்னலைத் திறந்திருப்பார் என்று நினைத்தேன். பனிப்புயலிலும் திறப்பவர் அவர். ஜன்னல் மூடித்தான் இருந்தது. மணி 11.40.

டிசம்பர் 12
கீழ்த்தளத்துக்குப் போனேன். செல்களைப் பார்த்துக்கொள்ளும் ராக்ன்ஹில்ட், கண்ணாடி வழியே ஒரு எஃகுப் பெட்டியைக் காட்டினார். உள்ளே எப்போதும் உடல் சூடு. “உங்கப்பா இப்ப இங்கயும் கொஞ்சம் இருக்கார்,” என்று சிரித்தார். பெட்டியைத் திறந்த நேரங்கள் ஒரு தாளில் இருந்தன. நேற்று: 11.40.
ஒரு தடவை பொருந்தினால் அது நிரூபணம் ஆகாது.

டிசம்பர் 19
அப்பா ‘குளிருது’ என்ற நேரங்களை அந்தத் தாளோடு இன்னும் மூன்று தடவை சரிபார்த்தேன். இரண்டு பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை — அதையும் எழுதிவைக்கிறேன்.
“அங்க நிறைய பேர் இருக்காங்க. ஒருத்தரும் பேசல,” என்கிறார் அப்பா.
“எங்கே, அப்பா?” என்று கேட்டேன். ஜுரம் இல்லை, நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 24
பை காலி.

டிசம்பர் 27
ஏற்றினார்கள். சின்னப் பை, கலங்கிய தண்ணீர் மாதிரி. இருபது நிமிடம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “வாங்க,” என்றார். யாரை? பிறகு, “எல்லாரும் வரலையே…”
ராக்ன்ஹில்டிடம் கேட்டேன். ஒரு பங்கைப் பரிசோதனைக்காகப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்களாம். அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவேயில்லை!

டிசம்பர் 31
பையில் அறுபது மில்லி சிறுநீர்! அம்மா பையைப் படமெடுத்து அத்தைக்கு அனுப்பினாள். “புத்தாண்டு வாழ்த்துக்கு இதான் கிடைச்சுதா?” என்று பதில் வந்தது.

ஜனவரி 9
ஆயிரத்து நானூறு மில்லி. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். செல்களாலா, தானாகவா? “ஒரே ஆளை வச்சு அதச் சொல்ல முடியாதும்மா,” என்றார் டாக்டர்.

ஜனவரி 21
இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியன். தெருவே வெளியில் நின்றது. வீடு திரும்பிவிட்ட அப்பா வாசலில் நாற்காலி போட்டு, மூன்றாவது ஜாம் பன்னைத் தின்றுகொண்டிருந்தார், பாதி மீசையில். மலைக்கு மேல் ஒரு கீற்று வந்ததும் எல்லோரும் கத்தினோம். அப்பா மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.
“இங்வில்ட், ஏன் இருட்டிடுச்சு?” என்று என்னைக் கேட்டார்.
அவர் முகம் முழுக்க வெயில். கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. மணி 12.10.
மாலையில் ராக்ன்ஹில்டின் செய்தி: பரிசோதனை முடிந்தது, மிஞ்சிய செல்களை அப்புறப்படுத்திப் பெட்டியை நிறுத்தியாகிவிட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
12.10க்குப் பெட்டியை நிறுத்தி விளக்குகளை அணைத்தார்களாம்.