காகமில்லாத் தீவு

மாசி, தேய்பிறை நவமி, இரவு. ஆவடி.

இன்று என் மனைவியின் திதி. மாடியில் நான் வைத்த பிண்டத்தைக் காகங்கள் தொடவில்லை. கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, கூப்பிடக் கூப்பிடப் பார்த்திருந்துவிட்டுப் பறந்தன. காகம் உண்ணாமல் நான் உண்பதில்லை.

கடற்பறவைகளை ஆராயும் மகன் ஆளில்லாப் பவளத்தீவு ஒன்றில் இருக்கிறான். அவனையும் அங்கேயே படைக்கச் சொல்லியிருந்தேன். மாலையில் செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசினான்.

"அப்பா, இங்க காக்காவே கிடையாதுப்பா. சொல்ல மறந்துட்டேன்."

வளையம்போல் கிடக்கும் தீவாம். உள்ளே அசையாத பச்சை நீர். வெளியே அடிகாணாத ஆழம். மணலென்று மிதிப்பதெல்லாம் இறந்த பவள உயிர்களின் என்புத் துகள். ஆலாப் பறவைகள் அவன் படைத்த இலையைச் சூழ்ந்து நின்றனவாம், தொடவில்லை. வெயில் சாய்ந்ததும், செத்த சங்குகளைச் சுமந்த நண்டுகள் நூறுநூறாக ஊர்ந்து வந்தனவாம்.

"ஒரு பருக்கை விடலப்பா. அம்மாதானே?"

"ஆமாம்" என்றேன். நூல்கள் காகத்தையே சொல்கின்றன. ஓருடல் நீங்கிய உயிர் வேறோர் உடலில் புகுவதையும் அவையே சொல்கின்றன.

மருமகள் தட்டோடு வந்தாள். "இன்னா மாமா, இன்னும் சாப்டாம கீறீங்க? அத்தை என்னிக்கு நேரத்துக்குச் சாப்ட்டாங்க, இன்னிக்குச் சாப்ட? அதான் புள்ள கையால சாப்ட்டாங்களே!" என்று சிரித்தாள்.

அது மெய்யாகவே இருக்கட்டும். அவன் வைத்ததை அத்தனை தொலைவு சென்று உண்டாள். நான் வைத்தது மாடியில் காய்ந்து கிடக்கிறது.

தட்டு எதிரில் இருக்கிறது. கை செல்லவில்லை.