இரண்டாவது துடிப்பு

மார்ச் 3
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது; மகள் பழக்கிவிட்டாள். இன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "அப்பா, அந்தப் புள்ளி ரெண்டாவது தடவ துடிக்குது."

டாக்டர் பட்டத்துக்கு அவள் ஆராய்வது கண்ணுக்கே தெரியாத குறைக்கடத்திப் புள்ளிகள். லேசரால் ஒரு தட்டு. இமை அசைவதற்குள் இன்னொரு லேசரால் எட்டிப் பார்ப்பது. ஒரு தட்டுக்கு ஒரு துடிப்புதான் வர வேண்டுமாம்.

"யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஆனா இன்னும் சரிபாக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன்.

மார்ச் 4
சலூன்காரரிடம் மட்டும் சொன்னேன்.

மார்ச் 9
என் தங்கை வெளியூரிலிருந்து போன் செய்து சந்தோஷத்தில் அழுதே விட்டாள். மகள் வந்ததும் கேட்டாள்: "மாடிப்படியில ரெண்டு பேர் கை குடுத்தாங்க. எங்க புரொபசர் சாரோட டிரைவர் வாழ்த்து சொல்றார். எப்படிப்பா?"

அந்த டிரைவருக்கும் அதே சலூன்தான். நல்ல விஷயம்தானேம்மா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 17
மகள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசர் போற வழியில ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்குப்பா. வெளிச்சம் அதுக்குள்ளயே மோதித் திரும்பி, கொஞ்சம் பிந்தி வந்தாலும் இப்படித்தான் தெரியும். வேற தடிமன்ல கண்ணாடி போட்டுப் பாக்கணும்."

"போட்டுப் பாரேன்."

"போட்டு, இல்லன்னு ஆயிட்டா? அத்தை வரைக்கும் சொல்லியாச்சு. சார் காதுக்கும் போயிடுச்சு, கட்டுரைய அனுப்புங்கறார். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு…"

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். இந்த வாய வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 21
கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டதாம். கண்ணாடியை மாற்றவில்லை.

ஜூன் 12
கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார்: கண்ணாடியை மாற்றிப் பார்த்தீர்களா? இன்று மாற்றினாள். துடிப்பும் கூடவே இடம் மாறிவிட்டது. அது புள்ளியின் துடிப்பே இல்லை. கண்ணாடிக்குள் மோதித் திரும்பிய வெளிச்சம். கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. சார் எல்லார் முன்னாலும் திட்டினாராம். பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகிறது.

"உங்களால இல்லப்பா. நான்தான் பயந்துட்டேன்."

அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 15
"பெரியவரே, பாப்பாவோட கண்டுபிடிப்பு டிவியில எப்ப வரும்?" என்றார் சலூன்காரர்.

"அது தப்பாப் போச்சு."

கத்தரி நின்றது. "அடடா. நான் வேற உக்காந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேனே."

எதிரே இருந்த கண்ணாடியில் இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நவம்பர் 8
இன்று மறுபடியும் செருப்போடு உள்ளே வந்தாள். முகத்தில் அன்றைய அதே களை. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா." திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். சாப்பிடும்போது இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள்.

எதையோ பார்த்திருக்கிறாள். முன்பென்றால் முதலில் என்னிடம்தான் வரும். நான் கேட்கவில்லை.

நவம்பர் 9
முடி வெட்டப் போனேன். "பாப்பா எப்படி இருக்கு?" என்றார் சலூன்காரர்.

"நல்லா சாப்பிடுது" என்றேன்.