பாலத்தில் நின்ற பிக்கப்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

செடிப் பண்ணையில் நான் ஓட்டும் பழைய பிக்கப், ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. போன வாரம் பாலத்தின் நடுவிலேயே நின்றது. பயப்படாதீர்கள், பின்னால் வந்தவர்கள் திட்டியதோடு சரி. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிட்டது.

"இது தேறாதும்மா, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் முதலாளி. வண்டி போனால் என் வேலையும் போய்விடும். வயர், ஃபில்டர் எல்லாம் பார்த்தேன், கோளாறு இல்லை. கடைசியில் டீசல் டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கு அடியில் இறுக்கமாக ஒரு பிளாஸ்டிக் தாள்! மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று முதலாளியே வைத்தாராம். டேங்குக்குள் காற்றுப் போகாததால் இன்ஜினுக்கு டீசல் வரவில்லை.

"மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா யாருங்க ஓடுவா?" என்றேன்.

"வெளியில சொல்லிடாதம்மா" என்று அசடு வழிந்தார்.

தாளை எடுத்தபிறகு வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், அறையில் போட்டுக்கொள்வேன். புதிது வாங்க வேண்டாம். செடிகளை ஏற்றிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். சட்டையைத் துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்களவள்